படகுக் கழிவறைத் தொட்டியைக் கடலில் திறந்துவிட்டால் என்ன ஆகும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். சியாட்டிலில் ஆறு பேர் சேர்ந்து ஒரு பாய்மரப் படகை மூன்று நாள் வாடகைக்கு எடுத்து, பியூஜெட் சவுண்ட் என்ற உள்கடலில் சுற்றப் போகிறீர்கள். படகில் 80 லிட்டர் கழிவுத் தொட்டி இருக்கிறது. “நிரம்பினா மூணு மைல் தள்ளிப் போய்த் திறந்து விடு, கடல் பாத்துக்கும்” என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். திமிங்கலமே கடலில்தானே போகிறது, ஆறு பேர் போவதால் என்ன கெட்டுவிடும் என்பது கேள்வி. கூடவே, போகிற வழியில் கரையில் சிப்பி பொறுக்கிச் சுட்டுத் தின்பதாகவும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நீர்த்தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறவனுக்கு அந்த ஒரு வரிதான் மொத்தக் கேள்வியும்.

முதலில் உங்கள் பக்கம் இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆள் ஒரு நாளைக்கு வெளியேற்றும் நைட்ரஜன் சுமார் 12 கிராம், அதில் பெரும்பங்கு சிறுநீரில். ஆறு பேருக்கு மூன்று நாளைக்கு 216 கிராம். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன் என்பதால், இது அரைக் கிலோ யூரியாவைக்கூட எட்டாது. ஆக்சிஜன் கணக்கும் இப்படித்தான். அழுக்கு மட்கும்போது தண்ணீரிலிருந்து உறிஞ்சும் ஆக்சிஜனைக் கழிவுநீர்ப் பொறியாளர்கள் ஆளுக்கு ஒரு நாளைக்கு 60 கிராம் என்று வைப்பார்கள். அது குளியல், சமையல் எல்லாம் சேர்ந்த கணக்கு. அதையே முழுசாக எடுத்துக்கொண்டாலும் ஆறு பேருக்கு 360 கிராம். கடல் நீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜன் இருந்தால், 45 கன மீட்டர் நீர் அந்தச் சுமையைத் தாங்கிவிடும். ஒரு சின்ன நீச்சல் குளத்தளவு தண்ணீர். ஆக, ஒரு சிறு படகால் கடலில் பாசி பெருகி மீன் மூச்சுத் திணறிச் சாகும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். பியூஜெட் சவுண்டில் ஆக்சிஜன் குறைவு உண்மையான பிரச்சினைதான். ஆனால் அதற்காக மாநிலச் சூழலியல் துறை நைட்ரஜன் அனுமதி கொண்டுவந்தது 58 நகரக் கழிவுநீர் நிலையங்களுக்கு. உல்லாசப் படகுகளின் நைட்ரஜன் அந்தக் கணக்கில் தூசு.

இப்போது கிருமிக் கணக்கு. அமெரிக்காவில் சிப்பி வளர்க்கும் நீருக்கு வரம்பு, 100 மில்லி லிட்டரில் 14 மலக்கோலிஃபார்ம். மலம் கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் குடல் பாக்டீரியா அது. படகுகள் கட்டி நிற்கும் துறையான ஒரு மரினாவைச் சுற்றி எவ்வளவு தூரத்துக்குச் சிப்பி எடுக்கத் தடை போடுவது என்று கணிக்கும்போது, ஒரு ஆள் ஒரு நாளைக்கு 200 கோடி மலக்கோலிஃபார்ம் வெளியேற்றுவதாக வைத்துக்கொள்வார்கள். அந்த 200 கோடியை 14 என்ற வரம்புக்கு நீர்க்கச் செய்ய 14,300 கன மீட்டர் தண்ணீர் வேண்டும். ஆறு பேருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 85,700 கன மீட்டர். நீங்கள் நங்கூரம் போடும் குடா 4 மீட்டர் ஆழம் என்றால், ஐந்து ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலான பரப்பு முழுவதும் அடிவரை சீராகக் கலந்தால்தான் கணக்கு நேராகும். இரண்டு நாள் தொட்டியில் சேர்த்ததை ஒரே மூச்சில் திறந்தால் பத்தரை ஏக்கர். தொட்டியில் கிடக்கும்போது கொஞ்சம் கிருமி சாகும், அதை இதில் கழிக்கவில்லை. ஆனால் நிஜத்தில் எந்தக் குடாவும் அப்படிச் சீராகக் கலப்பதில்லை. கழிவு ஒரு பட்டையாக நகர்ந்து, காற்று தள்ளுகிற பக்கம் கரையில் போய் ஒதுங்கும். ஆக்சிஜனுக்கு 45 கன மீட்டர், கிருமிக்கு 85,700. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். “கடல் பாத்துக்கும்” என்ற பேச்சு முதல் எண்ணுக்குப் பொருந்தும், இரண்டாவதற்குப் பொருந்தாது.

திமிங்கலத்துக்கு வருவோம். இது அடிக்கடி வரும் வாதம், முட்டாள்தனமான வாதமும் அல்ல. திமிங்கலம் ஆழத்தில் தின்று மேற்பரப்பில் கழிக்கிறது. அதனால் இரும்பும் நைட்ரஜனும் மேலே வந்து மிதவை உயிர்களுக்கு உரமாகின்றன. கடலின் சத்து கடலுக்குள்ளேயே சுற்றுகிறது. நாம் கடையில் வாங்கிய அரிசியையும் கோழியையும் தின்று, நிலத்துச் சத்தைக் கடலில் சேர்க்கிறோம். அது சின்ன வித்தியாசம். பெரிய வித்தியாசம், வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் நோரோவைரஸோ, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ-வோ திமிங்கலத்துக்கு வந்து நமக்குத் தொற்றுவதில்லை. மனிதனைத் தாக்கும் குடல் வைரஸ்களில் பெரும்பாலானவை மனிதக் கழிவில்தான் வருகின்றன. அப்புறம், திமிங்கலங்கள் சனிக்கிழமை சாயங்காலம் நாற்பதாகச் சேர்ந்து ஒரே குடாவில் நங்கூரம் போடுவதில்லை.

நோரோவைரஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நோயாளி ஒருவரின் ஒரு கிராம் மலத்தில் நூறு கோடிக் கணக்கில் வைரஸ் இருக்கும். ஒருவரை விழவைக்க எத்தனை போதும் என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு என்றாலும், மிகக் கொஞ்சம் போதும் என்பதில் இல்லை. வெயில் நன்றாக விழும் தெளிந்த மேல்நீரில் கோலிஃபார்ம் பாக்டீரியா சில மணி நேரத்தில் பெருமளவு செத்துவிடும். பியூஜெட் சவுண்ட் மாதிரி குளிர்ந்த நீரில், அதுவும் மேகமூட்டமான நாளில், அது நாள்கணக்கில் இழுக்கும். வைரஸ் வாரக்கணக்கில் தாங்கும். சிப்பி நீரை வடிகட்டித் தின்கிற உயிர். தண்ணீரில் சிதறிக் கிடப்பதைத் தன் உடலில் திரட்டி வைத்துக்கொள்ளும். சுத்த நீரில் ஒன்றிரண்டு நாள் போட்டு வைத்தால் கோலிஃபார்ம் வெளியேறிவிடும், ஆனால் நோரோவைரஸ் சிப்பியின் செரிமானத் திசுவில் ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் கிடக்கும். அதனால் “கோலிஃபார்ம் சோதனையில் தேறிவிட்டது” என்பது வைரஸ் இல்லை என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இது காகிதக் கணக்கு என்று நினைத்தால், 1993 நவம்பரில் லூசியானாவில் நடந்ததைப் பாருங்கள். பச்சைச் சிப்பி தின்ற 84 பேரில் 70 பேர் நோரோவைரஸ் வகை வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். சிப்பி வந்த இடத்தைத் தேடிப்போன சுகாதாரத் துறையினர் அந்தப் பகுதியில் சிப்பி அள்ளிய படகுகளை விசாரித்தபோது, 26 படகில் 22 படகில் கழிவைச் சேர்த்து வைக்கச் சரியான வசதியே இல்லை. சிப்பி அள்ளுபவர் ஒருவர், அதற்குச் சற்று முன்னால் தனக்கு வயிற்றுப்போக்கு இருந்ததையும், கழிவை நேராகச் சிப்பித் திட்டு நீரிலேயே கொட்டியதையும் ஒப்புக்கொண்டார். அவர் இரத்தத்தில் அந்த வைரஸுக்கான எதிர்ப்பொருள் அதிக அளவில் இருந்தது. படகுகளின் கழிவே காரணமாக இருக்கக்கூடும் என்று ஆய்வு முடிந்தது. கவனியுங்கள், இதற்கு ஆயிரம் படகு தேவைப்படவில்லை.

உறுதி குறைவான பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். புளோரிடா கீஸில் எல்க்ஹார்ன் பவளத்தைத் தாக்கிய வெள்ளைப் புள்ளி நோய்க்கு செராஷியா மார்செசென்ஸ் என்ற பாக்டீரியா காரணம் என்றும், மனிதக் கழிவுநீரில் கிடைத்த அதே வகை பவளத்துக்கு நோயை உண்டாக்குகிறது என்றும் 2011-இல் ஆய்வகத்தில் காட்டினார்கள். ஆனால் அந்தத் தீவுகளில் வீட்டுக்கு வீடு செப்டிக் தொட்டியும் கழிவுக் குழியும் இருந்தன. அதில் படகுகளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. பின்னால் அதே நோய் தெரிந்த எல்லாப் பவளத்திலும் அந்தப் பாக்டீரியா இருக்கவும் இல்லை. “படகுக் கழிவுதான் பவளத்தைக் கொன்றது” என்று எழுதுகிறவர்கள் ஆதாரத்தைத் தாண்டிப் போகிறார்கள். எதிர்ப்பக்கத்திலும் ஒரு உதாரணம் உண்டு, உங்களுக்கு மிகப் பக்கத்திலேயே. கனடாவின் விக்டோரியா நகரம் 2020 கடைசி வரை சல்லடையில் வடித்த கழிவுநீரை ஆழ்கடல் குழாய் வழியாக ஹுவான் டி ஃபூகா நீரிணைக்குள் விட்டது. அங்கே நீரோட்டம் பலமானது, பாதிப்பு மிகக் குறைவு என்று வாதிட்ட கடலியலாளர்களும் இருந்தார்கள். ஆக்சிஜன், சத்து விஷயத்தில் அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதே என் எண்ணம். ஆழமும் ஓட்டமும் உள்ள நீரிணைக்குச் சொன்ன வாதத்தை 4 மீட்டர் குடாவுக்கு இழுத்து வருவதுதான் தப்பு.

ஓட்டம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம்மவர்களுக்குத் தெரிந்த இடம் ஆலப்புழா. வேம்பநாட்டு ஏரியின் நடுவே தண்ணீர்முக்கம் தடுப்பணை இருக்கிறது. குட்டநாட்டு நெல்லுக்குள் உப்பு நீர் ஏறாமல் இருக்க, டிசம்பர் நடுவில் மூடினால் மார்ச், ஏப்ரலில்தான் திறப்பார்கள். படகு வீடுகளுக்குக் கூட்டம் அலைமோதும் மாதங்களும் ஏறக்குறைய அவைதான். கடலின் ஏற்ற இறக்கம் வந்து கழுவிக்கொண்டு போகும் வழி அடைபட்டிருக்கும் நேரத்தில்தான் சுமை உச்சத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் அதே ஒரு படகு விடும் அதே கழிவுக்கு விளைவு வேறாக இருக்கும்.

சட்டத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். மூன்று மைல் என்பது அமெரிக்காவில் சுத்திகரிக்காத கழிவுக்கான பொது எல்லை, கடல் மைலில். ஆனால் பியூஜெட் சவுண்ட் முழுவதும், லேக் வாஷிங்டனும் லேக் யூனியனும் சேர்த்து, 2018 மே 10 முதல் கழிவு வெளியேற்றத் தடை மண்டலம். படகிலேயே குளோரின் போட்டுச் சுத்திகரித்ததைக்கூட விட முடியாது. நண்பர் சொன்ன இடத்துக்குப் போக வேண்டுமென்றால் ஹுவான் டி ஃபூகா நீரிணையைத் தாண்டி, அதன் மேற்கு முனையான கேப் ஃபிளாட்டரிக்கு வெளியே போக வேண்டும். சியாட்டிலிலிருந்து நூறு கடல் மைலுக்கு மேல். மூன்று நாள் வாடகைப் படகில் அது நடக்காது. சவுண்டின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் கரை தூரமாகத் தெரிவதைப் பார்த்து “மூணு மைல் ஆச்சு” என்று சொல்வதற்குச் சட்டத்தில் இடமில்லை.

பெரிய கப்பல்களுக்கு, கப்பல்கள் கடலை மாசுபடுத்துவதைத் தடுக்கும் சர்வதேச மார்போல் ஒப்பந்தத்தின் நான்காம் இணைப்பு உண்டு. சர்வதேசப் பயணம் போகும், 400 டன்னுக்கு மேற்பட்ட அல்லது 15 பேருக்கு மேல் ஏற்றும் கப்பல்கள் அரைத்துக் கிருமி நீக்கியதை 3 கடல் மைலுக்கு அப்பாலும், அப்படியே இருப்பதை 12 கடல் மைலுக்கு அப்பாலும் விடலாம். தொட்டியில் சேர்த்ததைக் குறைந்தது 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) வேகத்தில் போய்க்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அந்தக் “கொஞ்சத்துக்கு” ஒரு சூத்திரம் இருக்கிறது: கப்பல் கிழித்துக்கொண்டு போகும் நீரின் அளவில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. இது உங்கள் படகைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் போட்டுப் பாருங்கள். 4 மீட்டர் அகலம், 2 மீட்டர் அமிழ்வு, 4 நாட் வேகம் என்றால் மணிக்கு 296 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 5 லிட்டர். படகுகளில் கழிவை அரைத்து வெளியே தள்ளும் சாதாரண மேசரேட்டர் பம்ப் நிமிடத்துக்கு 45 லிட்டர் தள்ளும். திறந்த கடலிலேயே அனுமதிக்கிற வேகத்தைப் போல ஒன்பது மடங்கு. இதே இணைப்பில் ஒரு பெரிய ஓட்டை: குளியல், சமையல் நீருக்கு அதில் கட்டுப்பாடே இல்லை. ஒரு பயணக் கப்பலில் அதுதான் கழிவறைக் கழிவைப் போலப் பல மடங்கு. அது தனிக் கேள்வி.

மேசரேட்டரைப் பற்றி ஒரு பொதுவான மயக்கம் உண்டு. அது அரைக்கும், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாமல் போகும், கிருமி ஒன்றுகூடக் குறையாது. கடல்நீரை மின்னாற்பகுத்துக் குளோரின் உண்டாக்கும் கருவிகள் வேறு வகை, அவை பாக்டீரியாவை நன்றாகவே அழிக்கும். ஆனால் நைட்ரஜனை அவை தொடுவதில்லை, திடத் துகளுக்குள் ஒளிந்திருக்கும் வைரஸ் தப்பிவிடும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஆளுக்கு நாளைக்கு ஐந்து முறை, முறைக்கு 2 லிட்டர் நீர் என்றால் ஆறு பேருக்கு 60 லிட்டர், சிறுநீரும் சேர்த்துச் சுமார் 70. உங்கள் 80 லிட்டர் தொட்டி ஒரு நாளில் நிரம்பிவிடும். சிறுநீருக்கு மட்டுமாவது நீரைக் குறைத்து, சராசரியை 1 லிட்டருக்குக் கொண்டுவந்தால் இரண்டு நாள் தாங்கும். அதனால் பயணத் திட்டத்திலேயே தினம் ஒரு பம்ப்-அவுட் நிறுத்தத்தை, அதாவது கரையில் குழாய் வைத்துத் தொட்டியை உறிஞ்சிக் காலி செய்யும் நிறுத்தத்தை வையுங்கள். பியூஜெட் சவுண்ட் மரினாக்களில் பல இடத்தில் இது இலவசம். 1992-இல் வந்த கிளீன் வெசல் சட்டத்தின் நிதி அதற்குத்தான் போகிறது. கிளம்பும் முன் கழிவறைக்குப் பின்னால், கழிவைத் தொட்டிக்கோ கடலுக்கோ திருப்பிவிடும் ஒய்-வால்வைப் பாருங்கள். கைப்பிடி தொட்டிப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், கடலுக்கு வெளியே போகும் குழாயின் அடைப்பான சீகாக் மூடியிருக்க வேண்டும். கைப்பிடியைக் கழற்றி வைப்பது, பூட்டுவது, அறுத்தால்தான் வரும் பிளாஸ்டிக் பட்டையால் கட்டுவது, இதில் எதைச் செய்தாலும் சட்டத்துக்கு ஒப்பும். வாடகைப் படகில் பட்டை அறுந்து தொங்கினால் கையெழுத்துப் போடும் முன்பே சொல்லிவிடுங்கள். சோதனை வந்தால் படகில் இருப்பவர் நீங்கள்தான்.

பம்ப்-அவுட்டில் முதல் தப்பு மூடியை மாற்றித் திறப்பது. டீசல், குடிநீர், கழிவு மூன்றின் மூடியும் தளத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும். எழுத்தைப் படித்துவிட்டுத் திறவுங்கள். அடுத்தது காற்றுக்குழாய். தொட்டியை விளிம்பு வரை நிரப்பிவிட்டால் கழிவு அந்தச் சின்னக் குழாய்க்குள் ஏறிக் காய்ந்து அடைத்துவிடும். அப்புறம் உறிஞ்சும்போது உள்ளே காற்று புக வழியில்லாமல் பிளாஸ்டிக் தொட்டி உள்வாங்கி, மூலையில் விரிசல் விடும். உறிஞ்சும் குழாயின் கண்ணாடியில் ஓட்டம் வெளிறினால் தொட்டி காலி. அத்தோடு விடாமல் 20 லிட்டர் தண்ணீர் ஊற்றி இன்னொரு முறை உறிஞ்சுங்கள், அடியில் படிந்த சேறு அப்போதுதான் வரும். அதற்குக் குடிநீர்க் குழாயைத் தொடாதீர்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

நாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் கழிவைவிட கடல்நீர்தான். லிட்டருக்குச் சுமார் 2.7 கிராம் சல்பேட் அதில் இருக்கிறது. காற்றில்லாத தொட்டியில் பாக்டீரியா அதை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும், அதுதான் அழுகிய முட்டை வாடை. முடிந்தால் நன்னீரில் கழுவுங்கள். சிறுநீரும் கடல்நீரும் சேர்ந்து குழாயில் சுண்ணாம்பு கட்டும். இரவில் அரை லிட்டர் வெள்ளை வினிகர் ஊற்றி வைத்தால் இளகும். பிளீச் வேண்டாம். ரப்பர் வால்வைக் கெடுக்கும், சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்து நச்சுவாயு உண்டாக்கும், வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயுவே வரும். ஃபார்மால்டிஹைட் கலந்த தொட்டி மருந்துகளையும் தவிருங்கள். பம்ப்-அவுட் செய்த கழிவு கடைசியில் போய்ச் சேரும் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்யும் பாக்டீரியாவை அது கொல்லும். ஈரத் துடைப்பான் தாள் ஒன்று போதும் மேசரேட்டர் நின்றுபோக, பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

கடைசியாக உங்கள் சிப்பி. மரினா பக்கத்திலும், படகுகள் கூட்டமாக நங்கூரம் போட்டிருக்கும் குடாவிலும் பொறுக்காதீர்கள். வாஷிங்டன் மாநிலச் சுகாதாரத் துறையின் சிப்பிப் பாதுகாப்பு வரைபடத்தில் அன்றன்றைக்கு எந்தக் கரை திறந்திருக்கிறது என்று இருக்கும். அதைப் பயணத்துக்கு முதல் நாள் பார்த்தால் போதாது, பொறுக்கும் நாள் காலையில் பாருங்கள். ஓடு வாய் திறந்தவுடன் நெருப்பிலிருந்து எடுப்பதுதான் வழக்கம், ஆனால் நோரோவைரஸுக்கு அது போதாது. சதையின் நடுப்பகுதி 90 டிகிரி செல்சியஸில் 90 வினாடி இருக்க வேண்டும். சிப்பி ரப்பர் மாதிரி ஆகிவிடும், வேறு வழியில்லை. வரைபடத்தில் “பயோடாக்ஸின்” என்று மூடியிருந்தால் எவ்வளவு வேகவைத்தும் பயனில்லை. அது பாசியிலிருந்து வரும் நஞ்சு, சூட்டுக்கு அழியாது.